ஃபீஸ் 4,000 ரூபாய்தான் என்று நம்பிப் போனோம்

2023 ஜூன். மகள் ஆறாம் வகுப்புக்குப் போன அதே வாரத்தில் அவளைப் பேட்மிண்டன் அகாடமியில் சேர்த்தோம். அதுவரை தெருவில் அண்ணனோடு இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே துப்பட்டாவைக் கட்டி ஆடிக்கொண்டிருந்தவள். பள்ளிப் போட்டியில் ஒரு கோப்பை வாங்கி வந்தாள், பி.டி. சார் "கை நல்லா இருக்கு, விட்டுறாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நாங்கள் மதுரை. கணவர் மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில்லிங் பார்க்கிறார், சம்பளம் 32,000. நான் வீட்டிலிருந்தே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பேன், எல்லாம் சேர்த்து 14,000 வரும். இதில் மாதம் 4,000 ஃபீஸ் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிறவள், என் வீட்டுக் கணக்கை மட்டும் மனசுக்குள் போட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

அகாடமி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, உள்ளே பச்சை மேட் விரித்த மூன்று கோர்ட். "மாசாமாசம்னா 4,000 மேடம். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 42,000. ஆறாயிரம் மிச்சம்" என்றார் அங்கே இருந்தவர். மிச்சம் என்ற சொல்லுக்கு நான் எப்போதும் மயங்குவேன். இரண்டு பவுன் செயினை அடகு வைத்து 60,000 வாங்கினோம். ஃபீஸ் 42,000, ராக்கெட் 9,500, ஷூ 3,500, மிச்சத்துக்குப் பை, டிரஸ். ரொக்கமாகத்தான் கட்டினோம். ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள், அதில் முத்திரைகூட இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை ஐந்தேகாலுக்குப் போனால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. பத்துப் பதினோரு பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "நேத்து ராத்திரியே மேட்டைச் சுருட்டி வண்டியில ஏத்திட்டாங்கம்மா. இடத்துக்காரரோட தகராறு மூணு மாசமா ஓடுது, உங்களுக்குத் தெரியாதா?" எங்களுக்குத் தெரியாது. டீக்கடைக்குத் தெரிந்திருக்கிறது. நடத்தியவரின் போன் இரண்டு வாரம் அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஆறாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், எட்டு மாத ஃபீஸ் 28,000 போயிற்று. செயினைப் பதினொரு மாதம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் 6,500.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வது எதற்கென்றால், இப்போதும் யாராவது "வருஷத்துக்குக் கட்டினா தள்ளுபடி தர்றாங்க" என்று சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மாதாமாதம் கட்டுங்கள். ரொம்பவும் வற்புறுத்தினால் மூன்று மாதம், அதற்கு மேல் வேண்டாம். கட்டும் பணம் வங்கி வழியாகவோ போன் வழியாகவோ போகட்டும், எதற்காக, எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் எழுதுங்கள். இடம் சொந்தமா வாடகையா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று சேரும்போதே கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. ஏமாந்த பிறகு புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருப்பதும் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் துண்டுச்சீட்டும் தொலைந்துவிட்டது. அப்புறம், பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

நவம்பரில் வேறு அகாடமி. இங்கே மாதம் 4,000, ஒழுங்காக நடந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபீஸ் என்பது வாசல்படி மட்டும்தான் என்பது இங்கே வந்துதான் புரிந்தது. முதலில் காக், அதாவது ராக்கெட்டால் அடித்து ஆடும் பந்து. தெருவில் ஆடும் பிளாஸ்டிக் காக் ஒன்று வாரக்கணக்கில் வரும். அகாடமியில் இறகு காக். வாத்து இறகு பதினாறைத் தக்கையில் குத்திச் செய்வது, எடை ஐந்து கிராம் சொச்சம், ஓங்கி அடித்தால் இரண்டு மூன்று கேமில் இறகு முறிந்துவிடும். காக் அடுக்கிய டியூப் ஒன்றாவது மாதாமாதம் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் வாங்க ஆரம்பித்தபோது டியூப் 1,100. விலை ஏறிக்கொண்டே போய் ஒரு வருடத்தில் 1,700 ஆயிற்று. பழைய ஆட்டக்காரர் ஒருவர் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது: காய்ந்த இறகு சீக்கிரம் முறியும், முதல் நாள் இரவு டியூபின் இரண்டு மூடியையும் திறந்து இட்லிப் பானையின் ஆவியில் சில விநாடி காட்டிவிட்டு மூடி வைத்தால் கூடுதலாகத் தாங்கும். அதிகம் காட்டினால் காக் கனத்துப்போகும், அதனால் பத்து எண்ணினால் போதும். மாதம் ஒரு டியூப் என்பது எங்களுக்கு இப்போது ஒன்றரை மாதம் வருகிறது. இட்லி அவிக்கும்போதே செய்துவிடுவதால் கேஸ் செலவும் தனியாக இல்லை.

ராக்கெட் கதை அதைவிட மோசம். 9,500 ரூபாய்க்கு வாங்கினோம் என்றேன் அல்லவா? கடைக்காரர் "நல்ல பவர் இருக்கும்" என்று தலைப்பக்கம் கனமான, வளையாத தண்டுள்ள ராக்கெட்டைக் கொடுத்தார். நரம்பை 26 பவுண்டில் இறுக்கிக் கட்டியும் தந்தார். பத்து வயதுப் பெண்ணுக்கு! ஆறே மாதத்தில் தோள்பட்டை வலி. பிசியோதெரபிக்கு 7,500 ரூபாய். பிசியோதெரபிஸ்ட் மூன்றாவது தடவை போனபோது "அந்த ராக்கெட்டைக் கொண்டு வாங்க பார்ப்போம்" என்றார். கையில் வாங்கி ஒரு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 3,800 ரூபாயில் எடை குறைந்த, தண்டு வளைந்துகொடுக்கிற ராக்கெட், நரம்பு 20 பவுண்டு. வலி நின்றது. தொடங்கும் பிள்ளைக்கு 4யு என்று போட்டிருக்கும் எடையோ அதைவிட லேசானதோ போதும், நரம்பு 20, 22 பவுண்டுக்கு மேல் வேண்டாம். கடைக்காரரைக் கேட்பதற்கு முன் நரம்பு கட்டுகிறவரைக் கேளுங்கள். அவருக்கு விற்க ராக்கெட் இல்லை, அதனால் உண்மையைச் சொல்வார். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும்: ஒரு நரம்பு அறுந்துவிட்டால் அப்படியே பையில் போடக்கூடாது. ஒரு பக்கம் இழுவிசை போய் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃபிரேம் கோணிவிடும். உடனே கத்தரியை எடுத்து நடுவிலிருந்து ஆரம்பித்து மொத்த நரம்பையும் வெட்டிவிட வேண்டும். எங்கள் 3,800 ரூபாய் ராக்கெட்டில் ஒன்று இப்படித்தான் கோணிப்போய் வீணாயிற்று.

ஷூவில் "வளர்ற கால்தானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். பள்ளி ஷூவில் அது நடக்கும், கோர்ட்டில் நடக்காது. கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம், ஒரு தடவை கணுக்கால் பிசகல். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். ஆறேழு மாதத்தில் சின்னதாகிவிடும், உண்மைதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தானே சின்னதாகியிருக்கும்? ஒரு வருடம் கழித்துத்தான் நான்கு அம்மாக்கள் சேர்ந்து மாற்றிக்கொள்ள ஆரம்பித்தோம். அதுவரை எல்லோரும் புது ஷூ வாங்கிக்கொண்டு, சின்னதானதைப் பரணில் வைத்திருந்தோம். முதலில் கேட்டது நான்தான். கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு அம்மா, கார் வைத்திருப்பவர், "ஐயோ, நீங்க கேட்டது நல்லதாப் போச்சுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

புரோட்டீன் பவுடர் டப்பா 2,800, மூன்று டப்பா வாங்கினேன். பிள்ளைகள் நல மருத்துவர் முட்டை, பால், பயறு சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் எதுக்கு இது?" என்றார். மூன்றாவது டப்பா பாதியோடு நிற்கிறது. என் மாமியார் முதல் நாளே சொன்னதுதான், கொண்டைக்கடலையை ஊறவைக்கத் தெரியாத வீடா இது என்று. அத்தை சொன்னதால் கேட்கவில்லை, டாக்டர் சொன்னதால் கேட்டேன்.

ஆனால் நிஜமாகவே எங்களைச் சாய்த்தது டோர்னமென்ட். பதினான்கு மாதத்தில் பதினொன்று, செலவு 68,000. கோவையில் நடந்த ஒன்றை மறக்க முடியாது. நுழைவுக் கட்டணம், பஸ், லாட்ஜில் இரண்டு இரவு, சாப்பாடு, கணவருக்கு இரண்டு நாள் சம்பளப் பிடித்தம், எல்லாம் சேர்த்து 9,200. காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட் பண்ணச் சொன்னார்கள். எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். 21-6, 21-8. பதினெட்டு நிமிடம். எதிரில் ஆடிய பெண் தினமும் நான்கு மணி நேரம் பயிற்சி எடுக்கிறவள், ஆட்டத்திலேயே தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் நான் மகளிடம் பேசவில்லை. கோபமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு வலையும் வந்தது. தேசியப் போட்டிக்கு உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறாள், கோவாவில் நடக்கிறது, 16,500 கட்டினால் சான்றிதழும் ஜெர்சியும் உண்டு என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி. எந்தத் தேர்வுக்கும் போகாமலே தேர்வு! ஆனாலும் அந்த நேரத்தில் கை துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "நடத்துறது எந்தச் சங்கம்? மாநிலச் சங்கத்துல கேட்டீங்களா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார்கள். பதில் என்னிடம் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் அங்கே உதவும் என்று செய்தியிலேயே ஆசை காட்டியிருந்தார்கள். இடம் இருப்பது உண்மை. ஆனால் அங்கீகாரம் உள்ள அமைப்பு நடத்தும் போட்டியின் சான்றிதழ்தான் அங்கே செல்லும், காசு வாங்கி அச்சடித்துத் தருகிற காகிதம் செல்லாது.

அன்றைக்கு அந்த அலுவலகத்துக்குப் போனதில்தான், 2023லேயே தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் தெரிந்தது. தமிழ்நாடு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் பயிற்சிக்குத் தனியார் ஃபீஸைவிட மிகக் குறைவாகக் கட்டினால் போதும். ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரலாம், தேர்வில் எடுபட்டால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. 12 வயதிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவிலேயே ஆடலாம், லாட்ஜ் தேவையில்லை. விடுதிக்கு நாங்கள் அனுப்பவில்லை, எனக்கு மனசு வரவில்லை. அது என் பலவீனம். உங்களுக்குச் சரிப்படலாம், போய்க் கேளுங்கள்.

2025 பொங்கலுக்கு முந்தின வாரம். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பள்ளி ஷூவின் அடிப்பாகத்தை ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்து அழுத்தினான். பக்கத்தில் இருந்த காலி ஃபெவிக்விக் டியூப்களைப் பார்த்தால் முதல் தடவை மாதிரி தெரியவில்லை. "ஏன்டா சொல்லல?" என்றேன். "மூணு மாசந்தானேம்மா, பரீட்சை முடிஞ்சா அப்புறம் பிளஸ் ஒன்னுக்கு வேற வாங்கணும்ல" என்றான். கீழே ஷூ அலமாரியில் தங்கச்சியின் கோர்ட் ஷூ மூன்று ஜோடி வரிசையாக இருந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கணக்கு நோட்டை எடுத்தேன். பத்தொன்பது மாதம். இரண்டு அகாடமிக்கும் ஃபீஸ் 98,000. ராக்கெட் மூன்று 17,100, நரம்பு கட்டியது 9,900, காக் 26,600, ஷூ 10,500, டோர்னமென்ட் 68,000, டிரஸ்ஸும் பையும் 9,000, பவுடர் 8,400, பிசியோதெரபி 7,500, வண்டிக்கு பெட்ரோல் 34,200, வட்டி 6,500. மொத்தம் 2,95,700. நான் நினைத்துக்கொண்டிருந்தது மாதம் 4,000. நிஜத்தில் மாதம் 15,500க்கு மேல். ஃபீஸ் என்பது, முதல் அகாடமியில் வீணாய்ப் போனதையும் சேர்த்தே, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். சேர்க்கப் போகும் பெற்றோர் யாராவது என்னைக் கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: சொல்கிற மாத ஃபீஸை நான்கால் பெருக்குங்கள், அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாலை நேரம் முழுக்க அகாடமியில் போனதால் ஒரு கடையின் கணக்கு வேலை கைவிட்டுப் போய், மாதம் 5,000 நின்றது இந்த நோட்டில் இல்லை. மகள் பேரில் மாதம் 1,000 போட்டுவந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விட்டதும் இல்லை. மார்ச் 31க்குள் அந்த வருடத்துக்கு 250 ரூபாயாவது கட்டாவிட்டால் கணக்கு முடங்கி, 50 ரூபாய் அபராதம் வேறு கட்ட வேண்டும். மறுநாள் முதல் வேலையாகத் தபால் நிலையம் போனேன்.

கணவரிடம் நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பாகிட்ட நாமளே சொல்லிருவோம்" என்றார். விளையாட்டை நிறுத்துகிறோம் என்று அவள் அழுவாள் என்று பயந்தேன். நோட்டை அவளும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "டோர்னமென்ட்டக் கொறச்சிருங்கம்மா. எனக்கு அங்க போறதுன்னாலே பயமா இருக்கு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "தோத்தா பஸ்ல நீங்க பேசவே மாட்டீங்க." அவ்வளவுதான் சொன்னாள். 68,000 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது இது.

இப்போது வாரம் மூன்று நாள் ரேஸ்கோர்ஸில் பயிற்சி, கூட்டம் அதிகம்தான், கோர்ட் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். மற்ற நாளில் மாடியில் சுவரில் அடிக்கிறாள், அதற்குப் பிளாஸ்டிக் காக் போதும். வருடத்துக்கு நான்கே போட்டி, அன்றே போய் அன்றே திரும்பும் தூரம். வீட்டில் ஒரு பைசா விடாமல் எல்லாம் எழுதுகிறோம், நோட்டு ஃபிரிட்ஜ் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அதில்தான் கரண்ட் பில்லும் பிடிபட்டது. தினமும் ஒரு செட் டிரஸ்ஸுக்காக வாஷிங் மெஷின் ஓடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைக் கொஞ்சமாகத் தாண்டிக்கொண்டிருந்தோம். தாண்டினால் அந்தக் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமல்ல, 101லிருந்து 200 யூனிட் வரைக்கும் இருந்த குறைந்த விலையும் போய்விடும். வேர்த்த டிரஸ்ஸை வந்ததும் அவளே வாளியில் அலசிக் காயப்போடுகிறாள். மகனுக்கு ஷூ வாங்கியாயிற்று. இந்த நோட்டில் அவன் பேரிலும் ஒரு பக்கம் உண்டு, அது காலியாக இருந்தால் நானே கேட்கிறேன்.

போன மாதம் திண்டுக்கல்லில் போட்டி. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம், கையில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். முதல் ஆட்டம் ஜெயித்தாள், இரண்டாவதில் மூன்று கேம் இழுத்துத் தோற்றாள். கடைசி அடியில் நரம்பும் போயிற்று. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். "அந்த டிராப்ப நீ எடுத்திருக்கலாம்" என்றேன். "எங்கம்மா எடுக்குறது, அது நெட்டுல பட்டு விழுந்துச்சு, நீங்க பாக்கலயா?" என்றாள். கொடைரோடு தாண்டும் வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.